வேறு பெயரைக் கண்டு ஏமாறாதீர்

ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பதால் உலகத்திற்கு எந்தக் கேடும் வந்துவிடுவதில்லை. வீட்டில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும் கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் நலமாக வளர்ந்திருக்கிறார்கள். அந்த இரண்டு பெயருக்கும் நடுவே ஒருவர் கடை விரிக்கும்போதுதான் கேடு மெல்லத் தலை நீட்டுகிறது.

அந்த ஊரை ஒரு கால்வாய் இரண்டாக வகுத்திருந்தது. அதன் மேல் போட்ட பாலம் ஒரே எட்டில் அக்கரை சேராமல், நடுவிலிருந்த கல் திட்டில் கால் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு மீதித் தூரத்தைக் கடந்தது. திட்டின் மேல் ஒரே ஒரு மாடிக் கட்டடம். சாலை அதைச் சுற்றி வளைந்து சென்றது. கட்டடத்திற்கு மேற்கே ஒரு வாசல், கிழக்கே ஒரு வாசல். மற்ற இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்த கம்பி ஜன்னல்கள். மேற்கு வாசலின் மேல் பச்சை எழுத்தில் ‘நிலக்கடலை’ என்று ஒரு பலகை தொங்கியது. கிழக்கு வாசலின் மேல் சிவப்பு எழுத்தில் ‘வேர்க்கடலை’ என்று ஒரு பலகை தொங்கியது. கூரையின் நடுவில் ஒரே ஒரு புகைபோக்கி நின்றது.

பலகைகளை எல்லோரும் படித்தார்கள். புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தவர் எவரும் இல்லை.

மேற்குக் கடையில் வறுப்புக்காரர் உட்கார்ந்திருந்தார். மணலின் சூட்டைப் புறங்கையால் சோதித்தே பதம் சொல்லக்கூடியவர். சூடு பட்டுப் பட்டு அந்தக் கையில் முடி முளைப்பதே நின்றுபோயிருந்தது. கிழக்குக் கடையில் அவருடைய மனைவியின் தம்பி உட்கார்ந்திருந்தார். மச்சானும் மாப்பிள்ளையும் பதினெட்டு ஆண்டுகளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது ஊரறிந்த செய்தி. இருவரும் நாள்தோறும் பகல் ஒன்றரை மணிக்குக் கடைகளைச் சாத்திவிட்டு, நடுவிலிருந்த வறுப்பறையில் எதிரெதிரே உட்கார்ந்து, அந்த அம்மாள் பரிமாறச் சேர்ந்து சாப்பிட்டார்கள் என்பது ஊர் அறியாத செய்தி. இரண்டு கடைகளிலும் மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒரு சிறு கதவு இருந்தது. இரண்டும் அந்த ஒரே அறைக்குள் திறந்தன. அங்கே ஒரே அடுப்பு, ஒரே இரும்புச் சட்டி, ஒரே மணல். வறுத்ததைச் சலித்து ஒரே குவியலாகக் கொட்டி, கைக்கு வந்தபடி பாதியைப் பச்சைப் பொட்டலத்திலும் பாதியைச் சிவப்புப் பொட்டலத்திலும் அடைத்தார்கள். அறைக்குள் அதற்கு நிலக்கடலை என்றும் பெயரில்லை, வேர்க்கடலை என்றும் பெயரில்லை. “சரக்கு ஆறிடுச்சா?” என்பார் ஒருவர். “சரக்கு கொஞ்சம் கருகிடுச்சு” என்பார் மற்றவர். அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு ஒரு விளையாட்டுப் பேச்சில் தொடங்கியது. கிழக்குக் கரையில் நூல் மில் வந்தபோது வெளியிலிருந்து நிறையப் பேர் குடியேறினார்கள். அவர்களில் ஒருவர் ஒரு நாள் கடைக்கு வந்து, “வேர்க்கடலை ஒரு பொட்டலம் குடுங்க” என்றார்.

பக்கத்தில் நின்ற மேற்குக் கரைக்காரர் சிரித்தார். “வேரையா? வேரைப் புடுங்கித் திங்கிற அளவுக்கு மில்லுல பசி போலிருக்கு.”

“நீங்க நிலத்தையே திங்கிறீங்களே, அதை விடவா?” என்றார் மில்காரர்.

கடையே சிரித்தது. உண்மையில் அந்தக் காய் வேரிலும் காய்ப்பதில்லை. பூ வாடியபின் அதன் காம்பு தலையைக் குனிந்துகொண்டு மண்ணுக்குள் இறங்கி, இருட்டில் காய்க்கிறது. இரண்டு பெயரும் பாதி சரி. அந்தப் பாதியோடு ஊர் நின்றிருந்தால் சிரிப்போடு போயிருக்கும்.

எல்லோருக்கும் நல்லவராக இருக்க விரும்பிய வறுப்புக்காரர், ‘நிலக்கடலை வேர்க்கடலை’ என்று பலகையில் சேர்த்து எழுதினார். “ஒண்ணுக்கு எதுக்கு ரெண்டு பேரு? பாதி கலப்படமா?” என்று மேற்கே கேட்டார்கள். “எங்க பேரு மட்டும் ஏன் பின்னாடி நிக்குது?” என்று கிழக்கே கேட்டார்கள். அவர் பெயர்களை முன்பின்னாக மாற்றி எழுதினார். கேள்விகளும் இடம் மாறிக்கொண்டன. கடைசியில் வறுப்பறையில் கூடி மூவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை, கடை இரண்டாகப் பிரிந்தது என்று ஊருக்குச் சொல்வது. அந்தச் சண்டையைப் பாலத்தின் நடுவில், நல்ல வெயிலில், ஐம்பது பேர் பார்க்க நடத்தினார்கள். மைத்துனர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அழகை ஊர் வெகு நாள் பேசியது. அன்றைக்குச் சாப்பாட்டில் அவருக்குச் சிரிப்பு அடங்காமல் புரையேறிவிட்டது.

அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருக்கலாம். ஆனால் அதே ஆண்டு மழைக்காலத்தில் மேற்குக் கடையில் விற்பனை மந்தமாக இருந்தபோது, வறுப்புக்காரர் பச்சை லேபிளில் ஒரு வரி சேர்த்தார்: ‘அசல் நிலக்கடலை. வேறு பெயரைக் கண்டு ஏமாறாதீர்.’

மாதம் முடிவதற்குள் மேற்குக் கரையில் பச்சைப் பொட்டலம் இல்லாத வீடு இல்லை.

“எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க, மச்சான்” என்றார் மைத்துனர்.

“புதுசா எதுக்கு, மாப்பிள்ளை? அதே வரிதான். பேரை மட்டும் மாத்திக்குங்க.”

லேபிள் அச்சிட்டவர் அடுத்த ஊர்க்காரர். இரண்டு படிவத்தையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, “ரெண்டுலயும் ஒரே வரியா இருக்கே? யாரைப் பாத்து யாரு ஏமாறக் கூடாது?” என்று கேட்டார்.

“படிக்கிறவங்க பாத்துக்குவாங்க. நீங்க அடிங்க” என்றார் வறுப்புக்காரர்.

படித்தவர்கள் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்கள். கடலை தின்பவர் கையில் பொட்டலம் இருக்கும். கண்ணுக்கு வேறு வேலை இராது. தின்று முடிக்கும்வரை அந்த வரியையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள். பதினெட்டு ஆண்டுகள் அப்படிப் படித்தால் எந்த வரியும் எலும்புக்குள் இறங்கிவிடும்.

முதலில் ருசியைப் பற்றிப் பேசினார்கள். “நிலக்கடலைன்னா ஒரு மணம் இருக்கும். அந்தப் பக்கத்துச் சாமானுக்கு அது வரவே வராது” என்று மேற்கே சத்தியம் செய்தவர் உண்டு. “கண்ணைக் கட்டிக்கிட்டுத் தின்னாலும் சொல்லிடுவேன்” என்று கிழக்கே பந்தயம் கட்டியவர் உண்டு. பிறகு மில்லில் சாப்பிடும் அறை இரண்டாயிற்று. பிறகு பேருந்தில் சிவப்புப் பொட்டலத்தைப் பிரித்த ஒரு முதியவரை, மேற்குக் கரையைச் சேர்ந்த டிரைவர் பாலத்தின் நடுவிலேயே இறக்கிவிட்டார். அவர் வெயிலில் நடந்து போனார். பிறகு அவருடைய மகன் டிரைவரின் தம்பியை வழிமறித்தான். தம்பிக்கு முன்பற்கள் இரண்டு போயின. அதற்குப் பிறகு அவனால் எந்தப் பெயருள்ள கடலையையும் கடிக்க முடியவில்லை.

மைத்துனருக்குக் கல்யாணமும் ஆகவில்லை. வேர்க்கடலைக்காரருக்குப் பெண் தர மேற்கே ஆளில்லை. நிலக்கடலைக்காரரின் மைத்துனருக்குப் பெண் தரக் கிழக்கே ஆளில்லை.

“உங்க வரியாலதான் நான் ஒத்தைக் கட்டையா நிக்கிறேன்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஒரு நாள் சாப்பிடும்போது அந்த அம்மாள் சொன்னாள். “ஒரு கதை கேளுங்க. ரெண்டு ஆடு ஒரே புல்லை மேய்ஞ்சுதாம். இது புல்லுன்னுது ஒண்ணு, இல்ல பசுந்தழைன்னுது இன்னொண்ணு. பேச்சு முத்திப் போய், கத்தின கத்துல மலைக்கு அந்தப் பக்கம் தூங்கிட்டிருந்த ஓநாய் முழிச்சுக்கிச்சு. அது வந்ததும் ரெண்டு ஆடும், ‘நீயே தீர்ப்புச் சொல்லு, எந்தப் பேரு சரி’ன்னு கேட்டுச்சாம். ‘எனக்குப் பேரு எதுக்கு? நீங்க இருக்கிற எடம் தெரிஞ்சாப் போதும்’னு சொல்லிச்சாம் ஓநாய்.”

வறுப்புக்காரர் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். “இப்ப என்ன, நான் ஓநாய்ங்கிறியா?”

“நீங்க ஓநாய் இல்லீங்க. அந்த ஆடுங்களுக்குப் புல்லு வித்தவரு” என்றாள் அவள். “அந்த வரியை எடுத்துடுங்க.”

“இப்ப எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க.”

அதுவும் உண்மைதான். ஒரு பொய்யைச் சொல்வதற்கு ஒரு நல்ல நாள் போதும். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் நாள் வாய்ப்பதில்லை.

கோடை முற்றிய ஒரு வாரத்தில் மேற்குக் கரையில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவின. இரண்டே நாளில் பதினோரு பேர் மருத்துவமனையில் படுத்தார்கள். அவர்களில் டிரைவரின் மனைவியும் ஒருத்தி. அவள் மில்லில் வேலை செய்பவள். அவளுடைய துணிப்பையைக் கொட்டியபோது சீப்புக்கும் கைக்குட்டைக்கும் நடுவிலிருந்து பாதி தின்ற ஒரு சிவப்புப் பொட்டலம் விழுந்தது. கிழக்குக் கரைத் தோழி ஒருத்தியோடு அவள் அதை மறைவாகப் பகிர்ந்துகொண்டிருக்கிறாள். மற்றப் பத்துப் பேரின் பைகளை ஒருவரும் கொட்டிப் பார்க்கவில்லை.

மருத்துவமனைக் கம்பவுண்டரிடம் வறுப்புக்காரரின் மனைவி தலைவலிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“எனக்கு என்னமோ தண்ணியிலதான் சந்தேகம், அக்கா. உங்க கரைத் தொட்டிக்கு மூடி போயி மூணு மாசம் ஆச்சு. உள்ள என்ன விழுந்து கிடக்கோ. வீட்டுல கொதிக்க வச்சுக் குடிங்க.”

“இதை வெளிய சொல்லலாமில்ல, தம்பி?”

“சொன்னேன். கிழக்குக்காரன் குடுத்த காசுக்குப் பேசுறியான்னு டிரைவர் சட்டையைப் புடிச்சாரு. எனக்குச் சட்டை ரெண்டுதான் இருக்கு.”

மறுநாள் பகல் ஒரு மணிக்குப் பாலத்தின் மேற்குப் பாதியில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூச்சல் இல்லை. சந்தைக்குப் போகிறவர்களைப் போல ஒழுங்காக வந்தார்கள். முன்னால் டிரைவர் நடந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர் நீல நிறத் தகர டப்பாவை, கால்சட்டையில் சிந்தாமல் சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மண்ணெண்ணெயின் நெடி கடைக்கு அவர்களை முந்திக்கொண்டு வந்து சேர்ந்தது.

டிரைவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். “அண்ணே, சாப்பிட்டாச்சா?”

“இன்னும் இல்ல, தம்பி. வீட்டுல எப்படி இருக்காங்க?”

“கண்ணே திறக்கல.” அவர் சற்று நேரம் பச்சைப் பொட்டலங்களின் வரிசையைப் பார்த்தார். “நீங்க மொதல்லயே எழுதி வச்சீங்க. வேறு பெயரைக் கண்டு ஏமாறாதீர்னு. தெய்வ வாக்கு மாதிரி. நாங்கதான் எங்க வீட்டுப் பொம்பளைங்களைக் கட்டுப்பாட்டுல வைக்கல.”

வறுப்புக்காரர் கல்லாப்பெட்டியைச் சாத்தினார்.

“ஒண்ணும் இல்லண்ணே. நீங்க அண்ணியைக் கூட்டிக்கிட்டு, கதவைச் சாத்திட்டு, கால் மணி நேரம் எங்க பக்கம் வந்து நில்லுங்க. பக்கத்துக் கடையை நாங்க பாத்துக்கறோம். உங்க சுவத்துல படாம பாத்துக்கறோம். அதுக்கு நான் பொறுப்பு.”

“அந்தக் கடைக்குள்ள மாப்பிள்ளை இருக்காரே, தம்பி.”

“இருக்கட்டும்” என்றார் டிரைவர். “அதனாலதான் இந்த நேரம் வந்தோம்.”

வறுப்புக்காரர் எழுந்தார். மனைவியைக் கூப்பிட்டு வருவதாகச் சொல்லி மூட்டைகளுக்குப் பின்னால் போய், சிறு கதவைத் தள்ளி வறுப்பறைக்குள் நுழைந்தார். எதிர்க் கதவு அதே நேரத்தில் திறந்தது. மைத்துனர் உள்ளே வந்தார்.

“மச்சான், எங்க பக்கம் மில் மேஸ்திரி ஆளுங்களோட வந்திருக்காரு. உங்க கரையில எல்லாரும் கெட்டுப்போன நிலக்கடலையைத் தின்னுட்டு எங்க மேல பழி போடறாங்களாம். என்னைக் கதவைச் சாத்திட்டு வெளிய வரச் சொல்றாரு. உங்க கடையை அவங்க பாத்துக்கறாங்களாம். என் சுவத்துல படாம பாத்துக்கறாங்களாம்.”

அந்த அம்மாள் சட்டியின் அருகே நின்றிருந்தாள். கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தாள். “ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பாங்க போல” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

சட்டியில் மணல் இன்னும் சூடாக இருந்தது. உள்ளே கிடந்த கடலைகள் ஒன்றிரண்டு வெடித்தன.

“நான் மேற்கே வெளிய போனா உங்களை எரிப்பாங்க” என்றார் வறுப்புக்காரர். “நீங்க கிழக்கே வெளிய போனா என்னை எரிப்பாங்க.”

“ரெண்டு பேருமே போயிட்டா?” என்றார் மைத்துனர். “நான் என் பக்கம் போறேன், நீங்களும் அக்காவும் உங்க பக்கம் போங்க. வெறும் சுவருதானே, எரியட்டும்.”

“என் தம்பி உள்ள இல்லன்னு தெரிஞ்சா மேற்குக்காரங்க தேடுவாங்க” என்றாள் அவள். “தேடிக்கிட்டு அந்தப் பக்கம் போவாங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க இவரைத் தேடிக்கிட்டு இந்தப் பக்கம் வருவாங்க. பாலத்துல எத்தனை பேரு தண்ணியில விழுவாங்கன்னு எண்ணிக்கிட்டு நாம நிக்கணும்.” அவள் கணவனைப் பார்த்தாள். “சொல்லிடுங்க.”

“என்னத்தை?”

“ஒரே சட்டிங்கறதை. வேற என்ன இருக்கு நம்மகிட்ட?”

“சொன்னா கடை போச்சு.”

“சொல்லலன்னா இவன் போயிடுவான்” என்றாள் அவள். அவள் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்திருந்த விதம், சிறு வயதில் சாலையைக் கடக்கப் பிடித்த விதமாகவே இருந்தது.

வறுப்புக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு இரண்டு சிறு கதவுகளையும் அகலத் திறந்து, மூட்டைகளைக் காலால் தள்ளி வழி செய்தார். மேற்கே பார்த்து, “தம்பி, நீங்க மட்டும் உள்ள வாங்க” என்றார். கிழக்கே பார்த்து, “மேஸ்திரி, நீங்களும் வாங்க” என்றார்.

அந்த அறைக்குள் வெளியார் ஒருவர் காலடி வைத்தது அதுதான் முதல் முறை. டிரைவர் ஒரு கதவில் நின்றார். மேஸ்திரி மறு கதவில் நின்றார். டிரைவரின் தம்பிக்குப் பல் உடைந்த நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தார்கள். சட்டியைப் பார்த்தார்கள். சாப்பிட வைத்திருந்த மூன்று தட்டுகளைப் பார்த்தார்கள். தரையில் குவிந்திருந்த கடலையையும், அதன் இடப்புறம் கிடந்த பச்சை லேபிள் கட்டையும், வலப்புறம் கிடந்த சிவப்பு லேபிள் கட்டையும் வெகு நேரம் பார்த்தார்கள்.

“ரெண்டும் இதுதான்” என்றார் வறுப்புக்காரர். “பதினெட்டு வருஷமா இதேதான். இதுல விஷம் இருந்தா ரெண்டு கரையும் எப்பவோ படுத்திருக்கும். உங்க வீட்டம்மாவுக்கு வந்தது கடலையால இல்ல, தம்பி. தண்ணியால. தொட்டியைப் பாருங்க.”

மேஸ்திரி குனிந்து குவியலிலிருந்து ஒரு கடலையை எடுத்து, ஓட்டை உடைத்து, பருப்பை நகத்தால் கீறி முகர்ந்தார். டிரைவர் ஒரு பச்சைப் பொட்டலத்தையும் ஒரு சிவப்புப் பொட்டலத்தையும் கிழித்து, இரண்டு உள்ளங்கைகளிலும் கொட்டி மாறி மாறிப் பார்த்தார். ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஒன்று உருண்டு விழுந்தது. அதைத் திரும்ப எடுத்து வைக்க முயன்றார். எது என்று அவருக்குத் தெரியவில்லை.

“என் தம்பிக்கு ரெண்டு பல்லு போச்சு” என்றார் மெல்ல.

“எங்கப்பா வெயில்ல நடந்து போயி ஒரு வாரம் படுத்தாரு” என்றார் மேஸ்திரி. வெயிலில் நடந்தவர் அவருடைய தந்தை என்பது அப்போதுதான் வறுப்புக்காரருக்குத் தெரிந்தது.

“அந்த வரியை யாரு எழுதினது?” என்று டிரைவர் கேட்டார்.

மைத்துனர் வாயைத் திறந்தார். வறுப்புக்காரர் அவரை முந்திக்கொண்டார். “நான்தான். ரெண்டுலயும் நான்தான். மாப்பிள்ளைக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல.”

“சரி” என்றார் மேஸ்திரி. “நடந்தது நடந்துபோச்சு. இப்பவாவது ஒண்ணை மட்டும் உண்மையா சொல்லுங்க. இந்த ரூம்புக்குள்ள, நீங்க உங்களுக்குள்ள பேசிக்கறப்ப, இதை என்னன்னு சொல்லுவீங்க? நிலக்கடலையா, வேர்க்கடலையா?”

டிரைவரும் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்கும் வேண்டியிருந்தது. அந்த ஒரு விடையில் ஒரு பக்கமாவது தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒருவேளை மற்றப் பக்கம் சிரித்துக்கூட இருக்கலாம். அந்த அம்மாள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று அவள் கண் கெஞ்சியது. ஆனால் பதினெட்டு ஆண்டுகள் பொய் சொன்ன மனிதருக்கு அந்த நிமிடத்தில் உண்மையின் மேல் ஒரு வெறி பிறந்துவிட்டது.

“ரெண்டும் இல்ல” என்றார் அவர். “சரக்குன்னு சொல்லுவோம்.”

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது.

டிரைவர் இரண்டு கைகளையும் தலைகீழாகக் கவிழ்த்தார். கடலைகள் தரையில் விழுந்து உருண்டன. அவர் மேஸ்திரியை முதன்முறையாக நேரே பார்த்தார்.

“என்ன செய்யலாம், சொல்லுங்க.”

“நீங்களே சொல்லுங்க” என்றார் மேஸ்திரி. “உங்க வீட்டுலதான் நோயாளி.”

அவ்வளவு மரியாதையாக அவ்விரு கரைகளும் பேசிக்கொண்டு வெகு காலம் ஆகியிருந்தது.

“அக்கா, நீங்க வெளிய வாங்க” என்றார் மேஸ்திரி. அவர் மைத்துனர் பக்கம் திரும்பினார். “நீங்களும் வாங்க, தம்பி. அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க. மேல மாடியில எடுக்க வேண்டியது ஏதாவது இருந்தா எடுத்துக்குங்க. அவசரம் இல்ல.”

டிரைவர் மேற்கு வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு, டப்பா வைத்திருந்தவரிடம் சொன்னார். “இனிமே சுவத்தைப் பத்திக் கவலையில்ல.”

மூவரும் கையில் அகப்பட்டதோடு வெளியே வந்தார்கள். அந்த அம்மாள் சல்லடையை ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கூட்டம் இரண்டாக ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டது. யாரும் அவர்களைத் தொடவில்லை, திட்டவில்லை. வறுப்புக்காரர் மேற்கே இரண்டு அடி வைத்தார். அங்கே நின்றவர்கள் நகர்ந்து இடத்தை அடைத்துக்கொண்டார்கள். மைத்துனர் கிழக்கே திரும்பினார். அங்கேயும் அப்படியே நடந்தது. கடைசியில் திட்டின் ஓரத்தில், தண்ணீர்ப் பக்கமாக, மூவரும் நின்றார்கள்.

தீ வைத்தது எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு வாசலிலிருந்தும் ஆட்கள் உள்ளே போனார்கள். இரண்டு வாசலிலிருந்தும் வந்தார்கள். லேபிள் கட்டுகள் முதலில் பற்றின. பச்சையும் சிவப்பும் எரிந்து ஒரே கருப்புச் சருகாக மேலே பறந்தன. பிறகு மூட்டைகள் பற்றின. வறுபடும் கடலையின் மணம் இரண்டு கரைக்கும் பரவியது. புகைபோக்கியிலிருந்து கறுத்த புகை கொப்பளித்தபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“ஒண்ணுதான் இருக்கு, பாருங்களேன்” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“எப்பவும் ஒண்ணுதான் இருந்துச்சு” என்றார் பக்கத்திலிருந்தவர். அவர் மறு கரைக்காரர். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

உச்சி வெயிலும் தீயும் சேர்ந்து தொண்டைகளை வற்ற வைத்தன. கிழக்குக் கரைக் குழாயில் காலை வேளையில் மட்டும்தான் தண்ணீர் வரும். மேற்குக் கரையில் பாலத்தின் அடியிலேயே தொட்டியிலிருந்து வரும் பொதுக்குழாய் இருந்தது. டிரைவர் ஆள் அனுப்பினார். இரண்டு குடங்கள் நிறையத் தண்ணீர் வந்தது. அவர் முதல் செம்பை முகந்து, தாம் குடிக்காமல், மேஸ்திரியிடம் நீட்டினார்.

“நீங்க முதல்ல.”

திட்டின் ஓரத்தில் நின்ற வறுப்புக்காரர் அதைப் பார்த்தார். அவர் மனைவியும் பார்த்தாள். அவள் அவருடைய கையை அழுத்தினாள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார்.

“அதைக் குடிக்காதீங்க. மேஸ்திரி, வேணாம். அந்தத் தண்ணியிலதான் கோளாறு. கம்பவுண்டரைக் கேளுங்க. தம்பி, நான் சொல்றதை நம்புங்க.”

செம்பு வாய்க்கு அருகில் நின்றது. மேஸ்திரி டிரைவரின் முகத்தைப் பார்த்தார். டிரைவர் வறுப்புக்காரரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அது மேஸ்திரிக்கும் தொற்றியது. அவருக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் தொற்றியது.

“இது தண்ணி இல்லையா, அண்ணே?” என்றார் டிரைவர். “இதுக்கு வேற என்ன பேரு வச்சிருக்கீங்க?”

பாலம் முழுவதும் சிரித்தது. மேஸ்திரி செம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். செம்பு கை மாறிக்கொண்டே கிழக்கு நோக்கிப் போயிற்று.